கொதித்தும் அழியாத நஞ்சு

இரண்டாமாண்டு மாணவர், இளம் அறிவியல் (விலங்கியல்)

முன்னுரை

"கிருமி இருந்தால் நோய், கிருமி செத்தால் நோய் தீர்ந்தது" என்றே நம்மில் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இக்கல்லூரியில் சேரும்வரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் எப்போதும் சரியன்று என்பதைக் காட்டும் ஒருவகைப் புரதங்கள் உண்டு. சில பாக்டீரியாக்கள் சுரக்கும் அப்புரதங்களுக்குச் சூப்பர் ஆன்டிஜென்கள் என்று பெயர். நம் உடலைக் காக்க வேண்டிய டி செல்களைத் தூண்டிவிட்டு, அவற்றைக் கொண்டே நம்மை வீழ்த்தும் தன்மை அவற்றுக்கு உண்டு. அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை எனக்கு விளங்கிய அளவில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் தந்தையார் ஊர் விசேஷங்களுக்குச் சமையல் செய்பவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆயினும் முந்நூறு பேருக்கு எத்தனை படி அரிசி, எவ்வளவு பருப்பு என்று மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். நான் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் ஊரில் ஒரு காதணி விழா நடந்தது. முதல் நாள் இரவே பால் பாயசம் காய்ச்சி இறக்கினார்கள். அது ஆறிய பிறகு, வறுத்த முந்திரியையும் திராட்சையையும் தந்தையார் தம் கையால் அள்ளிப் போட்டுக் கலந்து, அண்டாவை மூடிவைத்தார். அப்போது அவருடைய சுட்டுவிரலில் அரிவாள்மனை வெட்டிய புண் ஒன்று சீழ் பிடித்திருந்தது. அதற்குத் துணி சுற்றியிருந்தார். காலையில் பாயசத்தை மறுபடியும் அடுப்பில் ஏற்றி, தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே பந்தியில் பரிமாறினார்கள்.

சாப்பிட்டு மூன்று மணி நேரத்திற்குள் பலருக்கும் வாந்தி கண்டது, வயிற்றைப் பிசைந்தது. நல்ல வேளையாக எல்லோரும் மறுநாளே எழுந்து நடமாடினார்கள். ஆனால் பழி நின்றுவிட்டது. "ஊசிப்போன பாயசத்தைச் சுட வைக்காமலே ஊற்றிவிட்டான்" என்றார்கள். பேசிய கூலி கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு ஓராண்டு காலம் அவரை ஒருவரும் சமையலுக்கு அழைக்கவில்லை. "கொதிக்க வெச்சுத்தான் ஊத்துனேன், எந்தக் கோயில்ல வேணும்னாலும் சத்தியம் பண்றேன்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஊரார் நம்பவில்லை. கொதித்திருந்தால் கிருமி செத்திருக்குமே என்று பள்ளியில் படித்திருந்த நானும் நம்பவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

திராட்சைக் கொத்துக் கிருமி

நுண்ணோக்கியில் பார்த்தால் திராட்சைக் கொத்தைப் போலத் தோன்றும் உருண்டை வடிவப் பாக்டீரியா ஒன்று உண்டு. ஸ்காட்லாந்து நாட்டில் அபர்டீன் நகரில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், சீழ்க்கட்டிகளை ஆராய்ந்து 1880களில் இதற்கு ஸ்டெபைலோகாக்கஸ் என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் திராட்சைக் கொத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. 1884இல் ரோசன்பாக் என்னும் ஜெர்மானிய அறிஞர், பொன்னிறமாக வளரும் இனத்திற்கு ஆரியஸ் என்று பெயர் சூட்டினார்.

இக்கிருமி எங்கோ தொலைவில் இருப்பதன்று. நலமாக உள்ள மனிதர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருடைய மூக்கினுள் இது குடியிருக்கிறது. சீழ் பிடித்த புண்ணிலோ பெருகிக் கிடக்கும். அங்கிருந்து விரல் வழியாக உணவில் விழுந்து, அவ்வுணவு வெதுவெதுப்பான நிலையில் பல மணி நேரம் இருக்குமானால், அது பெருகுவதோடு புரத நஞ்சுகளையும் சுரக்கும். அவற்றை என்டிரோடாக்சின்கள், அதாவது குடல் நஞ்சுகள் என்பர்.

நம் பாடத்தின் முதல் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது. உணவைக் கொதிக்க வைத்தால் ஸ்டெபைலோகாக்கஸ் இறந்துவிடும். அது முன்பே சுரந்து வைத்த நஞ்சு அழிவதில்லை. 100 பாகை செல்சியசில் அரைமணி நேரம் கொதித்தும் தன் வலிமையை இழக்காமல் நிற்கக்கூடியது அது. நம் வயிற்றிலும் குடலிலும் உள்ள பெப்சின், டிரிப்சின் ஆகிய நொதிகளாலும் அதனை எளிதில் செரிக்க முடிவதில்லை. ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைந்த அளவே ஒருவரை வாந்தி எடுக்க வைக்கப் போதுமானது.

நஞ்சைத் தேடியவர்கள்

இவ்வுண்மை எளிதாகக் கிட்டிவிடவில்லை. பிலிப்பைன்ஸ் தீவுகளில் பணியாற்றிய பார்பர் என்னும் அமெரிக்க ஆய்வாளர், ஒரு பண்ணையில் பால் குடித்தபோதெல்லாம் தமக்கு வயிற்று உபாதை ஏற்படுவதைக் கவனித்தார். கறந்தவுடன் குடித்தால் ஒன்றும் நேரவில்லை. சில மணி நேரம் வெளியில் வைத்துக் குடித்தால் நோய் கண்டது. மடிநோய் கண்ட ஒரு பசுவின் பாலில் இருந்த ஸ்டெபைலோகாக்கசே காரணம் என்று 1914இல் அவர் எழுதினார்.

1930இல் சிகாகோ நகரில் கெயில் டாக் என்பவரும் அவருடைய குழுவினரும் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். பாலேடு வைத்த கேக்கைத் தின்று நோயுற்றவர்களின் வழக்கை ஆராய்ந்த அவர்கள், கேக்கிலிருந்து மஞ்சள் நிற ஸ்டெபைலோகாக்கசைப் பிரித்தெடுத்து வளர்த்தனர். பிறகு அக்கிருமிகளை வடிகட்டி நீக்கிவிட்டு, எஞ்சிய நீர்மத்தை மட்டும் தாமாக முன்வந்த சிலருக்குக் கொடுத்தனர். அவர்களுக்கும் வாந்தி ஏற்பட்டது! கிருமி இல்லாமலே கிருமியின் நோய் வந்தது. ஆகவே, நோயைத் தருவது அது விட்டுச்சென்ற பொருளே என்பது உறுதியாயிற்று.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஐந்து ஆண்டுகளாக என் தந்தையார் சொல்லிவந்தது பொய்யாக இருக்க வேண்டியதில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். இருப்பினும் வாந்தி என்பது இந்நஞ்சின் ஒரு முகம் மட்டுமே. அதன் மற்றொரு முகத்தை அறிய, முதலில் டி செல்களைப் பற்றி அறிதல் வேண்டும்.

டி செல்கள் பகைவனை அறியும் முறை

இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்களில் லிம்போசைட்டுகள் என்பவை ஒருவகை. அவற்றுள் தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சியடைபவை டி செல்கள் எனப்படும். ஒவ்வொரு டி செல்லின் மேற்பரப்பிலும் ஏற்பிகள் என்னும் புரதங்கள் உள்ளன. ஒரு டி செல்லில் உள்ள ஏற்பிகள் யாவும் ஒரே அமைப்பு உடையவை. ஆனால் ஒரு டி செல்லின் ஏற்பி வேறு, பக்கத்து டி செல்லின் ஏற்பி வேறு. இதனாலேயே எண்ணற்ற வகைப் பகைவர்களை நம் உடலால் இனங்காண முடிகிறது.

டி செல் தானாகக் கிருமியைப் பார்த்து அறிவதில்லை. மேக்ரோபேஜ் போன்ற செல்கள் முதலில் கிருமியை விழுங்கி, அதன் புரதங்களைச் சிறு துண்டுகளாக வெட்டுகின்றன. இத்துண்டுகளே பெப்டைடுகள். பிறகு எம்.எச்.சி. இரண்டாம் வகை என்னும் புரதத்தின் நடுவிலுள்ள பள்ளத்தில் ஒரு பெப்டைடை வைத்து, தட்டில் வைத்துக் காட்டுவதுபோல் வெளியே காட்டுகின்றன. இச்செல்களை ஆன்டிஜெனை எடுத்துக்காட்டும் செல்கள் என்பர். அவ்வழியே வரும் டி செல்கள் ஒவ்வொன்றாக அதனைத் தொட்டுப் பார்க்கின்றன. எந்த டி செல்லின் ஏற்பி அந்தப் பெப்டைடுக்குப் பொருந்துகிறதோ அது மட்டுமே தூண்டப்படும். பூட்டுக்கு ஏற்ற சாவி என்று நாம் படித்தது இதனைத்தான். அப்போதும்கூட இந்த ஒரு சைகை போதாது. டி செல்லில் உள்ள சி.டி.28 என்னும் மற்றொரு புரதத்தின் வழியாக இரண்டாவது சைகையும் கிடைத்தாக வேண்டும். இரண்டும் கிடைத்த பின்னரே டி செல் பெருகி, சைட்டோகைன்கள் என்னும் செய்திப் புரதங்களைச் சுரந்து மற்றச் செல்களைப் போருக்கு அழைக்கும்.

இதனை ஊர்க்காவலுக்கு ஒப்பிடலாம். ஓர் ஊரில் ஆயிரக்கணக்கான காவலர்கள் இருக்கின்றனர். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு திருடனுடைய முகம் மட்டும் தெரியும். யாரேனும் திருடனைப் பிடித்துவந்து முகத்தைக் காட்டினால், அம்முகத்தை அறிந்த ஓரிருவர் மட்டும் கம்பெடுப்பார்கள். மற்றவர்கள் அமைதியாக இருப்பார்கள். ஊரின் அமைதி காக்கப்படுவது இந்த ஒழுங்கினால்தான்.

குறுக்கு வழி

சூப்பர் ஆன்டிஜென் இந்த ஒழுங்கு முழுவதையும் மீறுகிறது. அது துண்டுகளாக வெட்டப்படுவதில்லை. பள்ளத்தில் வைத்துக் காட்டப்படுவதுமில்லை. முழுப் புரதமாகவே வந்து, எம்.எச்.சி. புரதத்தின் பள்ளத்திற்கு வெளியே, அதன் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்கிறது. மறுபுறத்தில் டி செல் ஏற்பியையும் அதேபோல் பக்கவாட்டிலேயே பற்றுகிறது. பள்ளத்தில் எந்தப் பெப்டைடு இருக்கிறது, அது இந்த ஏற்பிக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கே இடமில்லாமல், இரு செல்களும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு விடுகின்றன. டி செல்லோ தனக்குரிய பகைவனைக் கண்டுகொண்டதாகவே கொள்கிறது.

நம் உவமையில் சொல்வதானால், திருடன் தன் முகத்தைக் காட்டவே இல்லை. காவலர் கையையும் காட்டிக் கொடுப்பவர் கையையும் சேர்த்துக் கட்டிவிடுகிறான். கை கட்டப்பட்ட ஒவ்வொரு காவலரும் "என் திருடன் அகப்பட்டான்" என்று கூச்சலிட்டுக்கொண்டு கம்பைச் சுழற்றத் தொடங்குகிறார்.

சூப்பர் ஆன்டிஜென் ஏற்பியின் எந்தப் பகுதியைப் பிடிக்கிறது? டி செல் ஏற்பி பெரும்பாலும் ஆல்பா, பீட்டா என்னும் இரண்டு சங்கிலிகளால் ஆனது. பீட்டா சங்கிலியின் மாறும் பகுதியை வி-பீட்டா என்பர். மனிதரில் இது இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களாக உள்ளது. ஒவ்வொரு சூப்பர் ஆன்டிஜெனும் இவற்றுள் சில குடும்பங்களை மட்டும் பற்றும். எடுத்துக்காட்டாக, நச்சு அதிர்ச்சி நோயைத் தரும் டி.எஸ்.எஸ்.டி-1 என்னும் நஞ்சு வி-பீட்டா 2 குடும்பத்தைப் பற்றுகிறது. என்டிரோடாக்சின்-பி என்பது வி-பீட்டா 3, 12, 14, 17 முதலிய பல குடும்பங்களைப் பற்றுகிறது. ஒரு குடும்பத்தைப் பற்றினால், அக்குடும்பத்து டி செல்கள் எந்தப் பகைவனுக்காகப் படைக்கப்பட்டிருந்தாலும் அத்தனையும் எழுந்துவிடும்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சாதாரணமாக ஓர் ஆன்டிஜென் பெப்டைடுக்குப் பொருந்தும் டி செல்கள் பத்தாயிரத்தில் ஒன்று முதல் பத்து இலட்சத்தில் ஒன்று வரையே இருக்கும். ஒரு கோடி டி செல்களை எடுத்துக்கொண்டால், தூண்டப்படுபவை 10 முதல் 1,000 வரை. சூப்பர் ஆன்டிஜெனோ நூற்றுக்கு 5 முதல் 20 வரையிலான டி செல்களைத் தூண்டவல்லது. அதே ஒரு கோடியில் 5 இலட்சம் முதல் 20 இலட்சம் வரை! 'சூப்பர்' என்ற அடைமொழி இதற்குப் பொருத்தமே அல்லவா?

டென்வர் நகரத்து ஆய்வுகள்

இப்பெயரைச் சூட்டியவர்கள் அமெரிக்காவில் டென்வர் நகரில் ஆய்வு செய்த பிலிப்பா மாரக், ஜான் காப்ளர் என்னும் அறிவியல் தம்பதியரும் அவர்தம் குழுவினரும் ஆவர். 1989இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைகளில் ஸ்டெபைலோகாக்கஸ் நஞ்சுகள் குறிப்பிட்ட வி-பீட்டா குடும்பங்களை மட்டும் தூண்டுவதை எலிகளிலும் மனிதச் செல்களிலும் காட்டினர்.

அதே டென்வர் நகரில்தான் 1978இல் ஜேம்ஸ் டாட் என்னும் குழந்தை மருத்துவரும் அவருடைய உடன்பணியாளரும் 8 முதல் 17 வயது வரையிலான ஏழு பேரிடம் கண்ட ஒரு கொடிய நோயை விவரித்திருந்தனர். கடுங்காய்ச்சல், வெயிலில் கருகியது போன்ற தோல் சிவப்பு, இரத்த அழுத்த வீழ்ச்சி, பிறகு உள்ளங்கை, உள்ளங்கால்களில் தோல் உரிதல் ஆகியன அதன் அறிகுறிகள். அந்நோய்க்கு நச்சு அதிர்ச்சி நோய் என்று பெயரிட்டனர். அவர்களுடைய மூக்குத் தொண்டை, சீழ்க்கட்டி போன்ற இடங்களில் ஸ்டெபைலோகாக்கஸ் கிடைத்தது, இரத்தத்தில் கிடைக்கவில்லை. கிருமி ஓர் ஓரத்தில் இருக்க, உடல் முழுவதும் சீர்குலைந்தது.

1980இல் இந்நோய் அமெரிக்காவில் பெண்களிடையே பரவலாகக் காணப்பட்டது. மாதவிலக்கின்போது உடலுக்குள் வைத்துக்கொள்ளும், மிகுதியாக உறிஞ்சும் தன்மையுள்ள பஞ்சுச் சுருள்களோடு இது தொடர்புடையது என்று கண்டனர். அச்சூழலில் கிருமி பெருகி நஞ்சைச் சுரந்ததே காரணம். 1981இல் அந்நஞ்சு இன்னதென்று இனங்காணப்பட்டது. அதுவே பின்னர் டி.எஸ்.எஸ்.டி-1 என்று பெயர் பெற்றது. 1990இல் நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்தபோது, வி-பீட்டா 2 குடும்பத்து டி செல்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருந்தன. சோதனைக் குழாயில் கண்டது மனித உடலிலும் மெய்யாயிற்று.

1990களில் எக்ஸ்-கதிர்ப் படிகவியல் மூலம் இந்நஞ்சுகளின் வடிவத்தையும், அவை எம்.எச்.சி. புரதத்தின் பக்கவாட்டில் அமர்ந்திருப்பதையும் அறிஞர்கள் நேரில் கண்டனர். 2011இல் ஜெருசலேம் ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டறிந்தனர். சூப்பர் ஆன்டிஜென் ஏற்பியைப் பற்றுவதோடு நிற்காமல், இரண்டாவது சைகைக்குரிய சி.டி.28 புரதத்தையும் நேரடியாகப் பற்றுகிறது என்பதே அது.

அடிப்பது யார்?

நோயைத் தருவது நஞ்சா, நம் டி செல்களா என்று ஐயம் எழலாம். மாரக் குழுவினர் 1990இல் இதற்கும் விடை கண்டனர். என்டிரோடாக்சின்-பி செலுத்தப்பட்ட சாதாரண எலிகள் மெலிந்து நோயுற்றன. டி செல்கள் இல்லாத எலிகளுக்கு அதே நஞ்சைச் செலுத்தியபோது அவ்வாறு நேரவில்லை. காவலரே இல்லாத ஊரில் கம்பைச் சுழற்ற ஆள் ஏது?

2006ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலண்டனில் நடந்த ஒரு நிகழ்ச்சியும் இங்கு நினைக்கத் தக்கது. சி.டி.28 புரதத்தைத் தூண்டும் புதிய மருந்து ஒன்றை, நலமாக இருந்த ஆறு இளைஞர்களுக்குச் சோதனைக்காகச் செலுத்தினர். சில மணி நேரத்தில் ஆறு பேரும் கடுமையாக நோயுற்று, உறுப்புகள் செயலிழக்கும் நிலைக்குச் சென்றனர். தீவிர மருத்துவத்தால் ஆறு பேரும் உயிர் பிழைத்தனர். அங்கே கிருமியும் இல்லை, கிருமியின் நஞ்சும் இல்லை. டி செல்கள் ஒருசேரத் தூண்டப்பட்டது ஒன்றே நிகழ்ந்தது.

உடலில் நிகழ்வது இதுதான். தூண்டப்பட்ட டி செல்கள் இன்டர்லூக்கின்-2, காமா இன்டர்பெரான் முதலியவற்றையும், அவற்றோடு கைகோத்த மேக்ரோபேஜ்கள் இன்டர்லூக்கின்-1, டியூமர் நெக்ரோசிஸ் காரணி முதலியவற்றையும் வெள்ளமாகக் கொட்டுகின்றன. சிறு அளவில் இவை மருந்து. பேரளவில் இவையே நஞ்சு. காய்ச்சல் ஏறுகிறது. இரத்தத் தந்துகிகளின் சுவர்கள் கசியத் தொடங்குகின்றன. இரத்தத்தின் நீர்மப்பகுதி வெளியேற, இரத்த அழுத்தம் சரிகிறது. சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் ஆகியவற்றுக்குப் போதிய இரத்தம் கிட்டாமல் போகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழி நம் பாதுகாப்புக்கும் பொருந்தும்.

தொண்டைப் புண்ணையும் செங்காய்ச்சலையும் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜீன்ஸ் என்னும் பாக்டீரியாவும் இத்தகைய புரதங்களைச் சுரக்கிறது. ஸ்டெபைலோகாக்கசில் மட்டுமே இன்று இருபதுக்கும் மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். கெட்ட உணவை உண்டவர்க்கு ஏற்படும் வாந்தியும், டி செல்களின் இந்தக் கொந்தளிப்பும் ஒன்றல்ல. வாந்தி பெரும்பாலும் குடலிலிருந்து மூளைக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் தூண்டுதலால் வருவது. என்டிரோடாக்சினில் சில மாற்றங்களைச் செய்தபோது, வாந்தி உண்டாக்கும் தன்மை நீங்கியும் டி செல்களைத் தூண்டும் தன்மை நீங்காமல் இருந்தது. ஒரே புரதம் இரு வேறு தொழில்களைச் செய்கிறது. உணவின் வழியே வந்தால் அது பெரும்பாலும் வாந்தியோடு ஓய்ந்துவிடுகிறது. புண்ணிலோ உடலின் உட்பகுதியிலோ கிருமி தங்கி, நஞ்சு இரத்தத்தில் கலக்கும்போதே உயிருக்கு ஆபத்து நேர்கிறது.

கிருமிக்கு என்ன ஆதாயம்?

தான் வாழும் வீட்டையே கொளுத்துவதால் கிருமிக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பெருங்கொந்தளிப்புக்குப் பிறகு தூண்டப்பட்ட டி செல்களில் பல மடிந்துவிடுகின்றன; எஞ்சியவற்றில் பல செயலற்றுப் போகின்றன. காவலர்கள் ஒருவரோடொருவர் மோதிக் களைத்துவிட்டால், உண்மையான திருடனைத் தேட ஆளிருக்காது. இக்குழப்பமே கிருமிக்கு ஆதாயம் என்பது அறிஞர் பலரின் கருத்து.

மற்றொன்று, ஒருமுறை வந்த நோய் மீண்டும் வராது என்ற பொதுவிதியும் இங்கே எப்போதும் செல்லுவதில்லை. பெரியவர்களில் மிகப் பலருடைய இரத்தத்தில் டி.எஸ்.எஸ்.டி-1 நஞ்சுக்கு எதிரான ஆன்டிபாடிகள் இயல்பாகவே உள்ளன. அவை இல்லாதவர்களையே நச்சு அதிர்ச்சி நோய் பிடிக்கிறது. அவர்களில் சிலருக்கு நோய் தீர்ந்த பிறகும் ஆன்டிபாடி உண்டாவதில்லை. ஆதலால் அந்நோய் அவர்களுக்குத் திரும்பவும் வரக்கூடும்.

மருத்துவ முறையிலும் இதே பாடத்தைக் காணலாம். கிருமியைக் கொல்லும் மருந்து மட்டும் போதாது. முதலில் நஞ்சு ஊறும் இடத்தைக் கண்டுபிடித்து, சீழை வெளியேற்றித் தூய்மை செய்கின்றனர். சரிந்த இரத்த அழுத்தத்தை ஈடுகட்டச் சிரை வழியாக நீர்மங்களைச் செலுத்துகின்றனர். கிருமிகொல்லியோடு கிளிண்டமைசின் என்னும் மருந்தையும் சேர்க்கின்றனர். இம்மருந்து பாக்டீரியாவின் ரைபோசோமைத் தடுத்து, புதிய நஞ்சுப்புரதம் உருவாகாமல் செய்கிறது. முன்பே சுரந்துவிட்ட நஞ்சைப் பிணிக்க, பலருடைய இரத்தத்திலிருந்து திரட்டிய ஆன்டிபாடிகளைச் செலுத்துவதும் உண்டு. கிருமி வேறு, நஞ்சு வேறு, நம் உடலின் கொந்தளிப்பு வேறு. மூன்றையும் தனித்தனியே எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

முடிவுரை

சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது இவற்றையெல்லாம் என் தந்தையாரிடம் சொல்ல விரும்பினேன். ஆனால் வாய் வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை என்று சொல்வது எளிது. அதற்கு அடுத்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டுமே! அன்றைய பாயசத்தை யாரும் சோதனைச் சாலையில் ஆராயவில்லை. எனவே இதுதான் காரணம் என்று நான் அறுதியிட்டுக் கூற இயலாது. எனினும் விரல் புண், ஆறிய பாயசம், ஓர் இரவு, மறுபடி கொதித்தது, மூன்று மணி நேரத்தில் வாந்தி, ஒரு நாளில் குணம் ஆகிய அனைத்தும் பாடத்தில் உள்ளபடியே இருக்கின்றன.

இரண்டு நாள் கழித்து, திண்ணையில் உட்கார்ந்திருந்தவரிடம் மெல்லச் சொன்னேன். கிருமி செத்தாலும் அதன் விஷம் கொதியில் சாகாது என்றேன். அந்தக் கிருமி சீழ்ப்புண்ணில் இருக்கும் என்றும் சொன்னேன். வெகு நேரம் அவர் பேசவில்லை. தம் சுட்டுவிரல் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ நான் கொதிக்க வெச்சது நெசந்தானே?" என்று கேட்டார். "நெசந்தாம்ப்பா. நான்தான் அன்னிக்கு நம்பாமப் போயிட்டேன்" என்றேன். "விரல்ல இருந்துதான் போச்சுன்னு யாரு கண்டா. தெரிஞ்சிருந்தா அண்டா பக்கமே போயிருக்க மாட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

இப்போது அவர் சமைக்கும் இடத்தில், கையில் புண் உள்ளவர் விறகு சுமக்கலாம், தண்ணீர் இறைக்கலாம்; உணவைத் தொடுவதற்கில்லை. பாயசத்தை முதல் நாளே காய்ச்சும் வழக்கத்தையும் நிறுத்திவிட்டார். காலையில் காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் பந்திக்கு அனுப்பிவிடுகிறார். சமைத்த உணவைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும், அல்லது விரைவில் குளிரூட்ட வேண்டும்; வெதுவெதுப்பில் விட்டுவைக்கக் கூடாது என்று நம் பாடம் கூறுவதும் இதனையே.

மாணவ நண்பர்களே! டி செல்லின் ஏற்பி, எம்.எச்.சி. புரதம், வி-பீட்டா என்றெல்லாம் தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்கிறோம். மதிப்பெண் பெற்றதும் மறந்தும் போகிறோம். ஆனால் நாம் படிக்கும் ஒவ்வொரு வரிக்கும் காத்திருப்பவர் ஒருவர் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கக்கூடும். அவருக்குப் புரியும் மொழியில் அதனை எடுத்துச் சொல்வதும் நம் படிப்பின் ஒரு பகுதியே என்று கருதுகிறேன். ஆங்கில நூல்களைப் படிக்கத் தடுமாறியபோதெல்லாம் பொறுமையோடு விளக்கிய எம் துறைப் பேராசிரியப் பெருமக்களுக்கு என் நன்றி உரியது. இக்கட்டுரையில் பிழை காண்போர் அன்புகூர்ந்து சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்வேன்.